இரண்டு முதல் எட்டு டிகிரி வரை

2022 ஜூன் 30, வியாழன்

றிப்போட்டைக் கையில் வாங்கியும் பிரிக்கவில்லை. கண்டி–மாத்தளை பஸ்ஸில் நம்மூர்க்காரன் ஒருவனாவது பக்கத்தில் நிற்பான். நான் வாசிக்க முன் அவன் வாசித்து முடிப்பான். எண்ணெய் இல்லாமல் பஸ்களும் பாதியாகக் குறைந்துவிட்டன. நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணை ஏழாம் கட்டையில் இறங்கி, கடையின் பின்னறையில் சாதிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுதான் உறையைக் கிழித்தேன்.

ஆங்கிலத்தில் நாலைந்து சொல். கடைசிச் சொல் லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் என்று மகள் போனில் தேடிச் சொன்னாள். பேராதனையில் படிக்கிறவள். அழுதாள், தேடினாள், மறுபடியும் அழுதாள்.

ஏப்ரலில் கழுத்தின் இடப்பக்கம் கராம்பு மொட்டு அளவில் ஒன்று இருந்தது. ஜூனில் அது சாதிக்காய் அளவு. வலி கிடையாது. வலியில்லாதபடியால் விட்டுவிட்டேன். இரவில் தலையணை நனைய வியர்த்தது உண்மைதான். கரண்ட் போன இரவுகளில் இந்த நாட்டில் யாருக்கு வியர்க்கவில்லை?

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று முடிவெடுத்தோம். உம்மாவுக்கு 81 வயது. அவருக்குச் சொல்வதில்லை. ஊருக்குச் சொல்வதில்லை. நம்மூரில் இதற்குப் பெயரும் கிடையாது. 'அந்த வருத்தம்' என்பார்கள், குரலைத் தாழ்த்தி.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. 1996இல் வாப்பாவை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய்வந்தவன் நான்தான். எனக்கு அப்போது 28 வயது. கேட்டவர்களிடம், வயிற்றுக்கு நல்ல டொக்டர் ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்றேன். உம்மாவிடம் குடல் புண் என்றேன். ஏழு மாதம், ஒருவருக்கும் சந்தேகம் வராமல் காப்பாற்றினேன். அதைக் கெட்டித்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

ஜூலை 5, செவ்வாய்

கிளினிக். டொக்டர் நல்ல மனிதர். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார், எனக்கு விளங்காத இடத்தில் படம் வரைந்தார். ஐந்து மருந்துகள் சேர்ந்த ஒரு கூட்டு. முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஆர்-சொப்' என்கிறார்கள். 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. முதல் தடவை ஜூலை 18, திங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டார். இதயத்துக்கு எக்கோ, கூட்டில் உள்ள சிவப்பு மருந்து ஒன்று இதயத்தைத் தாக்கக் கூடியது. கல்லீரல் அழற்சி பி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை. பழைய கிருமி உள்ளே ஒளிந்திருந்தால் மருந்து அதை எழுப்பிவிடும். பல் வைத்தியரிடம் போய்ச் சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட வேண்டும். பிறகு வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் ஒரு பல்லே ஆளைக் கொல்லப் போதும். உயரமும் எடையும் அளந்தார்கள். உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் மருந்தின் அளவு. எனக்குச் சீனி வருத்தமும் இருப்பதால், கூட்டில் உள்ள ஸ்டெரொய்ட் மாத்திரை ஐந்து நாளும் சீனியை ஏற்றும் என்று எச்சரித்தார். வரும் சனிக்கிழமை அறபா நோன்பு பிடிக்கலாமா என்றேன். எடை குறையக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வேண்டாம் என்றார்.

பிறகு நான் கேட்ட கேள்விக்கு அவர் சிரித்தார். முடி போகுமா, வாந்தி வருமா என்றுதான் எல்லோரும் கேட்பார்களாம். நான் கேட்டது விரல் நுனியைப் பற்றி. கூட்டில் உள்ள மருந்து ஒன்று நரம்பைத் தொடும், விரல் மரத்துப்போகலாம் என்று மகள் வாசித்திருந்தாள். முப்பது வருடமாக மிளகை உள்ளங்கையில் போட்டு உருட்டி, ஈரம் எத்தனை வீதம் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இயந்திரமும் இருக்கிறது, ஆனால் தோட்டக்காரன் அதை நம்புவதில்லை, என் விரலைத்தான் நம்புகிறான். இது மிளகுக் காலம் வேறு. “வரலாம். பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும்” என்றார் டொக்டர். பெரும்பாலும் என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, மஹரகமவில். 2016இல் கதீஜா பவுண்டேஷன்காரர்கள் நாடு முழுக்கச் சில்லறை சேர்த்து, 20 கோடி ரூபாய் இலக்கு வைத்து அந்த இயந்திரத்துக்குப் பணம் திரட்டினார்கள். தன் மகனுக்கு வந்த நோயிலிருந்து ஒரு தகப்பன் தொடங்கிய வேலை அது. எங்கள் கடைத்தெருவிலும் உண்டியல் வந்தது. நானும் போட்டேன், யாரோ ஒருவருக்கு என்று. இப்போது அங்கே போக எண்ணெய் இல்லை. கண்டியில் எடுத்த சீடி ஸ்கேனை வைத்துத் தொடங்குவோம் என்று முடிவாயிற்று.

எழுந்து வரும்போதுதான் அடுத்த செய்தி. ஐந்தில் நாலு மருந்து இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் என்ற ஒன்று கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கிவர வேண்டும். யாரையும் குறை சொல்ல மனமில்லை. மஹரகமவிலேயே மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மே மாதமே டொக்டர்மார் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். டொலர் இல்லாத நாட்டில் கேன்சர்காரனும் வரிசையில்தான்.

ஜூலை 7, வியாழன்

கடைவாய்ப் பல் போயிற்று. பல் வைத்தியர் காரணம் கேட்டார். சீனி வருத்தம் என்றேன். பொய்யில்லை.

ஜூலை 9, சனி

வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. எனக்கு இல்லை. உம்மாவுக்குத் தெரியாமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்தேன். எழுபது வயதுக்காரர்கள் பிடிக்கும் நோன்பை 54 வயதுக்காரன் ஒளிந்திருந்து விடுவது அவமானமாக இருந்தது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று மார்க்கமே சொல்கிறது. நோயாளி என்று சொன்னால்தானே சலுகை?

டீவியில் போராட்டக்காரர்கள் புகுந்த ஜனாதிபதி மாளிகை. நீச்சல் குளத்தில் பையன்கள் குதிக்கிறார்கள். கண்டியிலிருந்தும் சனம் ரயிலேறிப் போயிருக்கிறது. உம்மா தஸ்பீஹை உருட்டியபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பிள்ளகள் அங்க தொழுதாங்களா?” என்று கேட்டார்.

என் கவலை வேறு. மருந்து கொழும்பில் ஒரு பார்மசியில் இருக்கிறது என்று தங்கச்சியின் மகன் கண்டுபிடித்து, பணமும் கட்டிவிட்டான். இரண்டு தடவைக்கானது கிடைத்திருக்கிறது. என் கடையின் நல்ல மாதத்து வியாபாரம் அப்படியே அதற்குள் போய்விட்டது. கொழும்பு கொந்தளிக்கிறது, கொண்டுவருவது எப்படி?

ஜூலை 10, ஞாயிறு. ஹஜ்ஜுப் பெருநாள்

தொழுகை முடிந்து மையவாடிக்குப் போனேன். வாப்பாவின் கப்றில் மீசான் கல்லைச் சுற்றி நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் பட்டிப்பூ என்பார்கள். சிங்களத்தில் மினீ மல், பிணப் பூ. கண்டிப் பக்கம் வீட்டு வாசலில் அதை வைக்கத் தயங்குவார்கள், மையவாடிக்குத்தான் அது.

ஐந்து மருந்துகளின் கூட்டில் ஒன்றான வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்து வருகிறது. என் விரலை மரக்கடிக்கப் போகும் மருந்து அதுதான்.

மகள் நேற்றிரவு வாசித்துச் சொன்ன கதை. 1952இல் கனடாவில் ரொபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஜமெய்க்காவிலிருந்து ஒரு கடித உறை நிறைய இந்த இலைகள் வந்து சேர்ந்தன. அங்கே இதைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடிக்கிறார்களாம், பார்த்துச் சொல்லுங்கள் என்று. (இங்கேயும்தான். என் மாமியார் எனக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.) எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி குறையவில்லை. ஆனால் எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், இரத்தத்தில் வெள்ளணுக்கள் விழுந்திருந்தன. அப்படியானால் வெள்ளணு கண்மண் தெரியாமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று அவரும் சார்ள்ஸ் பியரும் சேர்ந்து சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து வின்பிளாஸ்டின், பின்னால் அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் வின்கிறிஸ்டின், 1963இல் பாவனைக்கு வந்தது.

செடியின் சொந்த ஊர் மடகஸ்கார். கராம்பு விலையில் வருடா வருடம் நம்மோடு மல்லுக்கட்டும் அதே மடகஸ்கார். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டுமாம். கராம்பிலிருந்து எத்தனை வீதம் எண்ணெய் இறங்கும், சாதிக்காயில் எத்தனை என்று கணக்குப் போட்டே பழகியவனுக்கு அந்தக் கணக்குத் தலைசுற்றியது. எனக்கு ஒரு தடவைக்கு ஏற்றுவது இரண்டு மில்லிகிராம். அதற்கே கிட்டத்தட்ட ஒரு கிலோ இலை.

கூட்டில் இன்னொன்றின் பூர்வீகம் கடுகு வாயு. பெயரில்தான் கடுகு, உள்ளது யுத்தத்தில் ஆட்களைக் கொன்ற நஞ்சு. அதன் தம்பி முறையான ஒரு மருந்தை 1942இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஏற்றியதும் என்னைப்போல் நிணநீர்ப் புற்று வந்த ஒருவருக்குத்தான். மூன்றாவது, அந்தச் சிவப்பு மருந்து, இத்தாலியில் ஏட்ரியாட்டிக் கடலோரத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் கிடைத்தது. கடலின் பெயரைத்தான் அதற்கும் முதலில் வைத்திருந்தார்கள். பூ, நஞ்சு, மண். நான் தினமும் நிறுத்து விற்கும் சரக்குப் பட்டியலைவிட இது ஒன்றும் விசித்திரமில்லை.

வாப்பாவின் கப்றில் ஒரு பூவும் பறிக்கவில்லை. துஆ ஓதிவிட்டு வந்தேன். பகல் முழுவதும் வீடு வீடாகக் குர்பான் இறைச்சி வந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரும், “என்ன நானா, மெலிஞ்சி போய் ஈக்கிறீங்க?” என்று கேட்டார்கள். சீனி, சீனி, சீனி.

ஜூலை 12, செவ்வாய்

பெட்டி வந்தது. தங்கச்சியின் மகன் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு கண்டி வரை வந்து, அங்கிருந்து மரக்கறி லொறியில் ஏறி வந்தான். உள்ளே மருந்தோடு ஒரு தாள்: இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவும். உறையவிடக் கூடாது.

எங்கள் பிரிஜ் மகளுக்கு மூத்தது. உள்ளே குர்பான் இறைச்சி. மகள் ஒரு தெர்மோமீட்டரை வைத்தாள். கரண்ட் கட் முடிய எடுத்துப் பார்த்தால் பதினொன்று. இராவைக்கும் கட் இருக்கிறது. இன்னும் ஆறு நாள். ஐஸ் வைப்போம் என்றால், ஐஸ் பட்டு உறைந்தாலும் போச்சு. ஒரு மாத உழைப்பு, ஒரு நொடியில் தண்ணீராகிவிடும்.

ஜெனரேட்டர் உள்ள பிரிஜ் எங்கள் வரிசையில் ஒன்றுதான், ஹாஜியாரின் தயிர்க் கடையில். அவரோடு நான் பேசி நாலு வருடம். மழைக்குப் பிங்கா ஓயா பெருகித் தெருவுக்குள் வந்த ஒரு வருடம், அவர் தன் கடை வாசலை ஒரு அடி உயர்த்திக் கட்டினார். அடுத்த வெள்ளம் அவர் வாசலில் முட்டித் திரும்பி என் கடைக்குள் வந்தது. பதினெட்டு மூட்டை மிளகு. பள்ளி நிர்வாகம் பேசிப் பார்த்தும் தீரவில்லை.

அஸருக்குப் பிறகு போனேன். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், எழும்பவில்லை.

“ஹாஜியார், ஒரு மருந்துப் பெட்டி. ஆறு நாளக்கி உங்கட பிரிஜ்ஜில வெக்கோணும்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“என்ன வருத்தம்?”

சீனி என்று சொல்ல ஏலாது. இன்சுலினை வீட்டில் மண்பானைத் தண்ணீரிலும் வைக்கலாம், அது அவருக்கும் தெரியும். நான் அங்கே நின்ற அந்த ஒரு நிமிடத்தில் 2020 மார்ச் நினைவுக்கு வந்தது. கொரோனா நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று ஊரையே அடைத்தார்கள். அதன்பின் கொஞ்ச காலம் வெளியில் போய் அக்குறணை என்று சொன்னாலே எதிரே நின்றவன் ஓரடி பின்னால் போனான். ஒரு பெயரைச் சொன்னால் மனிதர்கள் எப்படி விலகுவார்கள் என்று பார்த்தவன் நான்.

“கேன்சர், ஹாஜியார்.”

முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். மனைவியிடம்கூட ‘அது’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் பிரிஜ்ஜின் இரண்டாவது தட்டிலிருந்த தயிர்ச் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். துணியால் தட்டைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

“எத்தன டிகிரி?”

வாசல் கல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜூலை 13, புதன். போயா

ஜனாதிபதி விடியற்காலையில் மாலைதீவுக்குப் போய்விட்டாராம். ஊரில் அதைவிட என்னுடைய செய்திதான் வேகமாகப் போயிருக்கிறது. ஹாஜியார் சொல்லியிருப்பார், அல்லது தயிர்ச் சட்டியை இறக்கியதைப் பார்த்த யாராவது. மஃரிபுக்கு முன் பதினோரு பேர் வந்துபோனார்கள். ஒருவர் ஸம்ஸம் தண்ணீர், ஒருவர் கட்டுஅனோதா இலை, மூவர் கருஞ்சீரகம். முப்பது வருடமாகக் கருஞ்சீரகம் விற்கிறவனுக்குக் கருஞ்சீரகம்! அதில் ஒன்று என் கடையில் வாங்கியதே. பையில் என் முத்திரை. மருந்து ஏற்றும் காலத்தில் இலை, வேர், தூள் எதுவும் டொக்டரைக் கேட்காமல் கூடாது என்று விளக்கிச் சொல்லி, ஸம்ஸமை மட்டும் குடித்தேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஆனால் ஏழாவதாக வந்தவன் த்ரீவீல் ஓட்டுகிறவன். டேங்கில் மூன்று லீட்டர் ஒளித்து வைத்திருக்கிறானாம். லீட்டர் 470 ரூபாய், அதுவும் கிடைப்பதில்லை. கள்ளத்தனமாக வாங்கினால் நாலு மடங்கு. “பதினெட்டுக்கு நான் வாறேன் நானா. அதுவரைக்கும் ஹயர் ஓட மாட்டேன்” என்றான். நான் மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு ஏழாம் கட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன்.

ஜூலை 16, சனி

எண்ணெய்க்கு கியூஆர் வந்துவிட்டது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம். கிழமைக்கு இவ்வளவு என்று கணக்காம். மகன் உட்கார்ந்து தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் பதிந்து கொடுத்தான்.

முடியை மொட்டையாக வெட்டிக்கொண்டேன். இரண்டு மூன்று கிழமையில் எப்படியும் கொட்டும். தலையணையில் கிடப்பதைப் பார்ப்பதைவிட இது மேல். மனைவி ஒரு சூட்கேஸில் தனிக் கோப்பை, தனித் துவாய், தெர்மோமீட்டர் எடுத்து வைத்தாள். காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கக் கூடாது, நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். அதற்காவது எங்கள் பிரிஜ் உதவுகிறது.

மொட்டையைப் பார்த்து உம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 17, ஞாயிறு

சுபஹுக்குப் பிறகு உம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். என்ன வருத்தம், எங்கே, என்ன மருந்து, எத்தனை தடவை. பெயரையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபப்பட்டார்.

“வாப்பாவுக்கும் இதுதானே?”

தலையாட்டினேன்.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சி, மௌத்தான பொறகு மூணாம் நாள் ஒரு பொம்புள வந்து செல்லித்தான் எனக்குத் தெரியும். குடல் புண்ணெண்டு நீ செல்லினதுக்கு நான் புளி நிப்பாட்டினேன், கொச்சிக்கா நிப்பாட்டினேன். கடசி கிழமையில அவர் மாங்கா அச்சாறு கேட்டார். ஒரே ஒரு துண்டு. புண்ணு பெருக்குமெண்டு குடுக்கல்ல.”

26 வருடமாக அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் அவரிடமிருந்து மறைத்ததைவிடக் கூடுதலான காலம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி. நீ என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிட ஏலா? சரியாச் செல்லு.”

சொன்னேன். பச்சையாக எதுவும் கூடாது, நன்றாக வெந்தது மட்டும். வெளிக் கடைச் சாப்பாடு கூடாது. கழுவித் தோலுரித்த பழம் சாப்பிடலாம். வாய் புண்ணானால் காரம் குறைக்க வேண்டும். சீனி ஏறும், சோறு அளவாக. ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி மனனம் செய்துகொண்டார், மதரசாப் பிள்ளையைப்போல.

ஜூலை 18, திங்கள்

ஐந்தரைக்கு ஹாஜியார் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இராவில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து, தன் பைக்கில் போய் யாரிடமோ இரண்டு போத்தல் வாங்கி ஊற்றியதாக அவருடைய மகன் சொன்னான். அவர் சொல்லவில்லை. வார்ட்டில் தாதி பெட்டியைத் திறந்து பார்த்தாள்: ஐந்து டிகிரி.

ரிட்டுக்ஸிமாப் முதல் தடவை என்பதால் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்கே பகல் கழிந்தது. நடுவில் ஒருமுறை குளிர் வந்து நடுங்கினேன். நிறுத்தி, ஊசி ஒன்று போட்டு, மறுபடி தொடங்கினார்கள். பிறகு சிவப்பு மருந்து. பிறகு பட்டிப்பூ, ஒரு சின்ன சிரிஞ்சில், நிறமே இல்லாமல். இடது கையில் ஊசி. வலது கையால் சட்டைப் பையிலிருந்த மிளகு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வீதம் இருக்கும்.

இரவு எட்டரை. வீட்டில் இருக்கிறேன். சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. உம்மா கோழிச் சூப் வைத்திருந்தார், நன்றாக வேகவைத்து.

அடுத்தது ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. கண்டிப் பெரஹரா கிழமை. வீதி அடைக்க முன் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது தடவைக்கான மருந்து ஹாஜியாரின் பிரிஜ்ஜில், இரண்டாவது தட்டில் இருக்கிறது.